கிட்டார் காத்திருக்கும் இடம்

அன்புள்ள சார்,

ஏழெட்டு மாதமாக எலக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானைக் கேட்ட பிறகு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. அவசியம் கேட்கவேண்டிய ப்ளூஸ் கிட்டார் ஆல்பங்கள் பத்து சொல்லமுடியுமா? பாட்டு வரும் இடங்கள் மட்டும் எனக்குச் சலிப்பாக இருக்கின்றன. சொன்ன வரியையே திரும்பச் சொல்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டு, கிட்டார் தனித்து வாசிக்கும் சோலோவை மட்டும் கேட்கிறேன். பழைய ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கினார் என்கிறார்களே, அதைப் பற்றியும் எழுதுங்கள்.

செந்தில், கோவை

அன்புள்ள செந்தில்,

சாத்தான் கதையை முதலில் தூக்கி வையுங்கள். ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் பதிவுசெய்த 29 பாடல்கள் நம்மிடம் இருக்கின்றன. சன் ஹவுஸ் போன்ற மூத்தவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு ஏறிவந்த கை அது. 27 வயதில் செத்துப்போன ஒரு கறுப்பின இளைஞனின் உழைப்பைப் பிடுங்கிச் சாத்தானுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வரக்கூடாது.

ஸ்டீவி ரே வானைப் பிடித்திருந்தால் ஆல்பர்ட் கிங்கின் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' (1967) கேளுங்கள். வான் தன் வாசிப்பை யாரிடமிருந்து எடுத்தார் என்று தெரிந்துவிடும். அது போதும்.

'தள்ளிவிட்டு' என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வயதில் நானும் அதைத்தான் செய்தேன்.

பெரம்பூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இருந்தார், ஆங்கிலோ இந்தியர். அவரிடம்தான் கிட்டார் கற்றுக்கொண்டேன். ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி. கிங்கின் 'லைவ் அட் தி ரீகல்' கேசட் அவரிடம் இருந்தது. சோலோ வரும் இடத்துக்கு ஓட்டி ஓட்டிக் கேட்பேன். ஒருநாள் பார்த்துவிட்டார். என் கையிலிருந்த கிட்டாரை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "முழுப் பாட்டையும் பாடிக் காட்டு மேன். அப்புறம் தரேன்." எனக்குப் பாட வராது என்றேன். "வரவேண்டாம், பாடு." மூன்று வாரம் கிட்டாரைத் தொடவிடவில்லை. அவர்மேல் எனக்கு அத்தனை கோபம்.

பாடப் பாடத்தான் ஒன்று பிடிபட்டது. பார் என்றால் ஒரு தாளச் சுற்று. 12 பார் ப்ளூஸில் மூன்று வரி, வரிக்கு நாலு பார். குரல் ஏறக்குறைய இரண்டு பாரில் முடிந்துவிடும். மீதி இடம் காலியாகக் கிடக்கும். நான் பாடிவிட்டு அந்தக் காலி இடத்தில் தவித்துக்கொண்டு நிற்பேன். யாராவது ஏதாவது சொன்னால் தேவலை என்றிருக்கும். கிட்டார் அங்கேதான் வருகிறது. அது பேசி முடித்த பிறகு அதே வரியைப் பாடினால் அது அதே வரியாக இருக்காது. முதல் தடவை முறையிட்டவன் இரண்டாம் தடவை உங்கள் சட்டையைப் பிடித்துச் சொல்கிறான். இதையா சலிப்பு என்கிறீர்கள்?

பாடிக்கொண்டே வாசிக்கத் தனக்கு வராது என்று பி.பி. கிங்கே சொல்லியிருக்கிறார். வாய் திறந்தால் கை நிற்கும், வாய் மூடினால் கை பேசும். அவருடைய அம்மா வழி உறவினர் புக்கா வைட், ஸ்லைடு என்ற சிறு குழாயைக் கம்பிமேல் வழுக்கவிட்டு வாசிப்பவர். அந்த அழுகை தனக்கும் வேண்டுமென்று கிங்குக்கு ஆசை. ஸ்லைடு கைவரவில்லை. வெறும் விரலைக் கம்பியில் வைத்து அதிரவிட்டே அதைக் கொண்டுவந்தார். சிகாகோவின் ரீகல் தியேட்டரில் 1964 நவம்பர் 21 அன்று அவர் வாசித்ததைத்தான் அந்த ஆல்பத்தில் கேட்கிறோம். 'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்' பாட்டில் தன் காதலிக்குச் செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவார். கடைசியில் ஏழு பிள்ளைகள் கொடுத்ததைச் சொல்லும்போது அரங்கமே அலறும். அந்த அலறலைத்தான் நீங்கள் தள்ளிவிட்டீர்கள், செந்தில்.

பார்வையற்ற வில்லி ஜான்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1927 முதல் 1930 வரை அவர் பதிவுசெய்தவை 30 பாடல்கள். பக்திப் பாடல்கள்தான், ஆனால் கை ப்ளூஸ் கை. வரியைப் பாதியில் விட்டுவிடுவார், மிச்சச் சொல்லை ஸ்லைடு சொல்லும். 'டார்க் வாஸ் தி நைட்' பதிவில் சொல்லே கிடையாது, முனகலும் கம்பியும்தான். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் அதை வைத்து அனுப்பினார்கள். அதில் பாட்டு எங்கே முடிகிறது, சோலோ எங்கே தொடங்குகிறது என்று எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்.

நாலாவது வாரம் அந்த ரயில்வேக்காரர் கிட்டாரை எடுத்துக் கொடுத்தார். இந்தமுறை அவர் பாடினார். ஒரு வரி பாடி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பதில் சொல்லு மேன்." சோலோவிலிருந்து பொறுக்கிய ஓட்டங்கள் எல்லாம் கையில் இருந்தன. ஒன்றுகூட அந்த இடத்தில் உட்காரவில்லை. ஒரே ஒரு சுரம் வாசித்தேன். அவர் தலையசைத்துவிட்டு அதே வரியை மறுபடி பாடினார். அந்தத் தலையசைப்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் பெரிதாகத் தெரிந்ததில்லை. அவர் இப்போது இல்லை.

பத்து ஆல்பம் கேட்டிருந்தீர்கள். மடி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்' (1964) கேளுங்கள். பக்கத்தில் கிட்டார் வாசிக்கும் 27 வயது இளைஞர் படி கை (Buddy Guy), பெரியவர் பாடி முடிக்கும்வரை எவ்வளவு அடங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று கவனியுங்கள். அப்புறம் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 'டுடே'. ஆனால் முதல் மாதம் ரீகல் மட்டும்தான். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, எதையும் தள்ளாமல். கிட்டாரை உறைக்குள் போட்டுவிட்டுக் கூடவே பாடுங்கள். வீட்டில் யாராவது சத்தம் போட்டால் மொட்டைமாடிக்குப் போங்கள்.