இரவல் சாசனமா?

வணக்கம் சார்,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்திய அரசியலமைப்புச் சட்டப் பாடத்தில் ஓர் அட்டவணை வருகிறது. நாடாளுமன்ற முறை பிரிட்டனிலிருந்து, அடிப்படை உரிமைகள் அமெரிக்காவிலிருந்து, வழிகாட்டும் நெறிமுறைகள் அயர்லாந்திலிருந்து என்று நீள்கிறது. எல்லாமே வெளியிலிருந்து வந்தவை என்றால், நம் சாசனத்துக்கென்று ஒரு மூலக் கொள்கை உண்டா? நண்பர்கள் முகவுரையைப் படி என்கிறார்கள். அதில் இருப்பதும் பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்தானே?

க.

அன்புள்ள க.,

அந்த அட்டவணை மதிப்பெண் வாங்கித் தரும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நிர்வாகம் தொடர்பான பகுதிகளில் பெரும்பங்கு 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்தது. வெள்ளையர்கள் நம்மை ஆள்வதற்காக எழுதிவைத்த சட்டம் அது. இரவல் என்று பேசுவதானால் அதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்!

உங்கள் கேள்வி சாசனத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்ததுதான். வீணை இசையோ சிதார் இசையோ கேட்க ஆசைப்பட்டோம், கிடைத்ததோ இங்கிலீஷ் பேண்டு வாத்தியம் என்று சபை உறுப்பினர் கே. ஹனுமந்தையா 1949 நவம்பரில் குறைபட்டுக்கொண்டார். அம்பேத்கரின் பதில் ஓராண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1948 நவம்பர் 4 அன்று சாசனத்தின் வரைவை சபையின் முன் வைத்துப் பேசியபோது, அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை, இரவல் வாங்கியதற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை என்றார்.

அந்த உரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இடம். கிராமத்தை அடித்தளமாக வைத்துத்தான் புதிய அரசைக் கட்ட வேண்டும் என்று சபையில் பலர் நினைத்தார்கள். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று காட்டமாகவே சொன்னார். வரைவு கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். உறுப்பினர்கள் பலருக்குக் கோபம். அதே மாதம் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகப் பஞ்சாயத்து உள்ளே வந்தது, இன்றைய 40ஆம் பிரிவாக. ஆனால் எங்கே வைத்தார்கள்? நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க முடியாத வழிகாட்டும் நெறிமுறைகளில். அலகு மாறவில்லை.

என்னைக் கேட்டால் மூலக் கொள்கை இதுதான். சாதி, மதம், ஊர், குடும்பம் எதன் வழியாகவும் வராமல், அரசுக்கு முன்னால் ஒவ்வொருவரும் தனித்தனியாக நிற்பது. 1935 சட்டத்தின்படி வாக்களிக்கச் சொத்தோ, வரிரசீதோ, படிப்போ வேண்டும். 326ஆம் பிரிவு இந்தத் தகுதிகளையெல்லாம் தூக்கிவிட்டு வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்றது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்த ஒரு நாட்டில்.

இதை நடைமுறைப்படுத்தும்போது வந்த சிக்கலைப் பாருங்கள். முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்துகொள்ளச் சொன்னார்கள். சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் அதற்கு ஒப்பவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். கொடுமைதான். ஆனாலும் ஆணையம் செய்தது சரி என்றே நினைக்கிறேன். யாரோ ஒருவரின் மனைவி என்ற அடையாளத்தோடு ஒரு வாக்காளரைச் சேர்த்துக்கொண்டால், மறுபடியும் குடும்பம்தான் அலகு.

அப்புறம், அமெரிக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அடிப்படை உரிமைகள். அங்கே அவை பெரும்பாலும் அரசின் கையைக் கட்டுபவை. நம் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். கடை, உணவகம், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று பட்டியல் போகிறது. குளத்தில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்தது தில்லியில் இருந்த அரசாங்கமா? பக்கத்துத் தெருக்காரர். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததும் அவரை நோக்கித்தான். ஒரு குடிமகனை அரசிடமிருந்து மட்டுமல்ல, சொந்த ஊரிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்பது இந்த மண்ணின் அனுபவத்திலிருந்து வந்தது. எந்த நாட்டு இரவல் என்று உங்கள் அட்டவணையில் இதற்கு என்ன போட்டிருக்கிறார்கள்?

தனிமனிதர்தான் அலகு என்றால் இடஒதுக்கீடு எப்படி என்று கேட்பார்கள். சாதியின் பெயரால் மறுக்கப்பட்டதைச் சாதியைக் கணக்கில் எடுக்காமல் திருப்பித் தர முடியாது, அவ்வளவுதான். ஆனால் குடும்பச் சட்டங்களை மதவாரியாக விட்டுவைத்தது இந்தக் கொள்கைக்கு முரண்தான். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

சரி, முகவுரை. அதற்கு அடித்தளமான, சாசனத்தின் இலக்குகளைச் சொன்ன நேருவின் குறிக்கோள் தீர்மானத்தில் சகோதரத்துவம் என்ற சொல் கிடையாது. அம்பேத்கரின் வரைவுக் குழு சேர்த்தது அது. 1954இல் வானொலியில் பேசும்போது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்று அவரே சொன்னார். அந்தச் சகோதரத்துவம் எதை உறுதிசெய்ய வேண்டும் என்று முகவுரை சொல்லும் வரிசையையும் கவனியுங்கள்: முதலில் தனிமனிதரின் மாண்பு, அடுத்ததாகத்தான் நாட்டின் ஒற்றுமை.