பழைய பேஸ்பால் ஜாம்பவான்களின் ரூக்கி கார்டுகளில் பலரும் கவனிக்காமல் விட்டதை எப்படி அடையாளம் காண்பது?

ரூக்கி கார்டு என்றால், ஒரு வீரர் பெரிய லீக் என்ற உச்சமட்டப் போட்டிக்கு வந்த புதிதில் வெளியான கார்டு. பேரை மட்டும் பார்க்காதீர்கள், கார்டில் அச்சாகியிருக்கும் ஊரைப் பாருங்கள். இதைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல கார்டை நான் இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் டி206 வரிசையில்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த கார்டுகள் அவை. அதில் பெயர்போன ஹோனஸ் வாக்னர் 1897-லேயே பெரிய லீக்குக்கு வந்துவிட்டவர். அது எப்படி ரூக்கி கார்டு ஆகும்? 1890-களில் புகழ்பெற்றவர்களுக்கு இன்னும் பின்னால் போகவேண்டும், ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் கார்டுகளுக்கு. ஸ்டுடியோவில் எடுத்த சின்னப் போட்டோவைத் தடித்த அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஒன்றரைக்கு இரண்டரை அங்குலம், அவ்வளவுதான். பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பிடிப்பதுபோல நிற்கவைத்து எடுத்த படங்கள்.

1998-ல் பென்சில்வேனியாவில் ஒரு பழம்பொருள் சந்தை. ஒரு பெரியவரின் மேஜையில் மூன்று ஓல்ட் ஜட்ஜ் கார்டுகள் இருந்தன, ஒவ்வொன்றும் 90 டாலர். என் கையில் ஒன்றுக்குத்தான் பணம். ஒரு கார்டு இளஞ்சிவப்பாக வெளுத்துப் போயிருந்தது. நிக்கல்ஸ், ஓமஹா என்று இருந்தது. கிட் நிக்கல்ஸ் எனக்குத் தெரியும், ஆனால் அவர் பாஸ்டன் அணிக்காரர் ஆயிற்றே! இது வேறு யாரோ நிக்கல்ஸ் என்று வைத்துவிட்டு, படம் தெளிவாக இருந்த இன்னொன்றை வாங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் ஊர் நூலகத்தில் மைக்ரோஃபிலிமில் 1889-ம் வருடச் செய்தித்தாள்களை ஓட்டிப் பார்த்தேன். பெரிய லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கில் ஆடிய ஓமஹா அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அதே நிக்கல்ஸ்தான். 19 வயது. அந்த அணியின் மேனேஜர் ஃபிராங்க் செலி 1890-ல் பாஸ்டனுக்குப் போனபோது பையனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அப்புறம் பெரிய லீக்கில் நிக்கல்ஸ் ஜெயித்த ஆட்டங்கள் 361. ஏழு சீசன்களில் முப்பதும் அதற்கு மேலும் ஜெயித்தவர், 1949-ல் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தவர். அடுத்த மாதம் சந்தைக்கு ஓடினேன். கார்டு போய்விட்டது.

"மைனர் லீக் கார்டை ரூக்கி என்று சொல்லக்கூடாது" என்று சிலர் கீழே வந்து எழுதுவார்கள், தெரியும். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பேப் ரூத்துக்குக்கூட 1916-ல் வந்த எம்101 வரிசைக் கார்டைத்தான் பலர் ரூக்கி என்கிறார்கள். ஆனால் பால்டிமோர் மைனர் லீக் அணியில் அவர் இருந்தபோது வந்த 1914 கார்டு 2023-ல் 72 லட்சம் டாலருக்குப் போனது. பெயர் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், முதல் கார்டு முதல் கார்டுதான். கிளார்க் கிரிஃபித்தை டி206-ல் சின்சினாட்டி மேனேஜராகப் பார்த்திருப்பீர்கள். அவரை மில்வாக்கி அணியில் ஆடிய பையனாக ஓல்ட் ஜட்ஜில் தேடிப் பாருங்கள். லூ கெரிக் என்றால் எல்லாரும் கௌடி நிறுவனத்தின் 1933 கார்டைக் காட்டுவார்கள். 1925-லேயே எக்ஸிபிட் கார்டு ஒன்று வந்திருக்கிறது, மெஷினில் காசு போட்டு எடுக்கும் வகை. அதனால் வீரரின் முதல் மூன்று நான்கு வருடம் எந்த ஊர், எந்த அணி என்று எழுதி வைத்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள்.

இதையும் சொல்லியாக வேண்டும். அந்த நூலகத்தில் இன்று மைக்ரோஃபிலிம் மெஷின் இல்லை. யாரும் வருவதில்லை என்று எடுத்துவிட்டார்கள். சுருள்கள் எங்கே போயின என்று கேட்டேன், பதில் இல்லை. வாரத்துக்கு நான்கு நாள் போய் உட்கார்ந்த என்னை "யாரும்" என்ற கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. எல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்கிறார்கள். சின்ன ஊர்ச் செய்தித்தாள்கள் பலவற்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஓமஹா என்று அச்சிட்ட, இளஞ்சிவப்பாக வெளுத்த நிக்கல்ஸ் எங்காவது கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள். எனக்கு விற்க வேண்டாம், ஒரு படம் மட்டும் அனுப்புங்கள்.