அந்த நோட்டீஸை உங்கள் மகள் படித்திருக்கக் கூடாது

கேள்வி: எனக்கு 36 வயது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், ஆனால் முடித்ததும் என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறு மாதமாகச் செல்போனில் தினமும் ஒரு சின்னப் பத்தி படிக்கிறேன். என் தோட்டம், சந்தைக்குப் போனது, மழை நாள், இப்படி. கீழே இருக்கும் ஐந்து கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதிவிடுகிறேன். ஆனாலும் வெளியில் ஒரு ஆங்கிலக் காகிதத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கணவர் டிப்ளமோ படித்தவர், அவருக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்கு வரும் பேங்க் லெட்டர், ஆஸ்பத்திரி சீட்டு எல்லாவற்றையும் ஏழாவது படிக்கும் என் மகள் படித்துச் சொல்லிவிடுவாள், அதனால் அதில் பிரச்னை இல்லை. போன மாதம் நகைக் கடன் நோட்டீஸ்கூட அவள்தான் படித்தாள். அதற்கப்புறம் கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், வயசு அப்படி. நான் கதைப் புத்தகம் படிக்கலாமா, பேப்பர் படிக்கலாமா? எத்தனை மாதத்தில் வரும்?

பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்:

கதைப் புத்தகமா பேப்பரா என்பதற்கு அப்புறம் வருகிறேன். 'அதனால் அதில் பிரச்னை இல்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆங்கிலம் வரவில்லை என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. பாதிக்கு மேல் உங்களை மாதிரி அம்மாக்கள் எழுதுவது. அந்தக் கடிதங்களில் எல்லாம் ஏதோ ஒரு மூலையில் ஒரு பிள்ளை உட்கார்ந்து கவரைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு அது பெருமையாகவும் இருக்கும், 'என் பொண்ணு எல்லாம் படிச்சிடுவா' என்று. உங்கள் கடிதத்திலும் அந்தப் பெருமை தெரிகிறது. எனக்கோ அதைப் படித்ததும் கோபம் வந்தது.

அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கூல் விட்டு வந்திருப்பாள். பையைக்கூட இறக்கியிருக்க மாட்டாள், 'இது என்னன்னு பாரு பாப்பா' என்று கவரை நீட்டியிருப்பீர்கள். மேலே உங்கள் பெயர், கடன் எண், தேதி. அப்புறம் கட்ட வேண்டிய தொகை. அதற்குக் கீழே, இத்தனை நாளைக்குள் கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்று ஒரு வரி. அது எந்த நகை என்று அவளுக்குத் தெரியும். உங்கள் கழுத்தில் பார்த்து வளர்ந்த சங்கிலியாக இருக்கலாம், அவளுடைய காதணியாகவே இருக்கலாம். அந்த வரியை உங்களிடம் சொல்வதா, கொஞ்சம் குறைத்துச் சொல்வதா, பேசாமல் விட்டுவிடுவதா என்று நின்ற இடத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது, ஒரு பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு. சொன்னதும் உங்கள் முகம் மாறியதையும் அவள்தான் பார்த்திருப்பாள். கவரை அவள் கையில் கொடுத்தவர் நீங்கள், எழுந்து போகவும் முடியாது.

வயசு அப்படி என்கிறீர்கள். வயசு இல்லை அம்மா, நோட்டீஸ். அடுத்த டெர்ம் ஃபீஸைக் கேட்கலாமா, பிக்னிக்குக்குப் பணம் கேட்கலாமா, இல்லை வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று அந்தப் பிள்ளை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். நோட்டீஸ் வந்த பிறகுதான் பேச்சு குறைந்தது என்று எழுதியவர் நீங்கள்தான், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்கு மனசு வரவில்லை.

வீட்டுக் கஷ்டம் பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தெரியலாம், தெரிந்து வளர்வது நல்லதும்கூட. ஆனால் அது அம்மா வாயிலிருந்தோ அப்பா வாயிலிருந்தோ வர வேண்டும், அந்த வயசு தாங்குகிற அளவுக்கு, 'நாங்க பாத்துக்கறோம்' என்ற வார்த்தையோடு சேர்ந்து வர வேண்டும். கடன் பெரியவர்கள் வாங்கியது. அதன் செய்தியை முதலில் தாங்கிக்கொள்வதும் பெரியவர்கள் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. டிப்ளமோ படித்திருக்கிறார், படிக்கத் தெரியும், ஆனால் பொறுமை இல்லையாம். தன் வீட்டு நகை ஏலத்துக்குப் போகப்போகிறதா என்று பார்க்க ஒரு பக்கம் படிப்பதற்கு இல்லாத பொறுமை வேறு எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறார்? நீங்கள் படிக்கக் கற்றுக்கொள்ளும் வரைக்கும் அந்த வேலை அவருடையது, பாப்பாவுடையது இல்லை. இதை அவரிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் பார்க்கிற இடத்தில் பிரித்து வையுங்கள்.

சரி, இனி உங்கள் படிப்பு. ஆறு மாதம் விடாமல் படித்திருக்கிறீர்கள், உழைப்பில் குறை இல்லை. படித்த விதத்தில்தான் கோளாறு. 'சந்தையில் ராணி என்ன வாங்கினாள்' என்று கேள்வி கேட்டால், பத்தியில் ராணி, வாங்கினாள் என்ற இரண்டு வார்த்தைகளும் எங்கே சேர்ந்து வருகின்றன என்று கண் தேடும், பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுதிவிடலாம். இதற்கு அர்த்தம் புரிய வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் ஐந்துக்கு ஐந்து வாங்கியும் என்ன படித்தோம் என்று சொல்ல முடியாமல் நிற்கிறீர்கள். நாளையிலிருந்து அந்தக் கேள்விகளைத் தொடாதீர்கள். பத்தியைப் படியுங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள், அதில் என்ன சொல்லியிருந்தது என்று தமிழில், வாய்விட்டு, யாரிடமோ சொல்வது போல் சொல்லுங்கள். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். சொல்லத் திணறுகிற இடம் எதுவோ அதுதான் உங்களுக்குப் புரியாத இடம். திரும்பப் போய் அந்த வரியை மட்டும் படியுங்கள். அகராதி கடைசியில்தான்.

எந்தப் பத்தி நமக்கு ஏற்றது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அகராதி இல்லாமல் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள வார்த்தைகளில் நூற்றுக்குச் சுமார் 98 ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்வது. அதாவது ஐம்பது வார்த்தைக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். நீங்கள் ஆங்கிலப் பேப்பரை எடுத்து முதல் ஐந்து வரியில் தெரியாத வார்த்தையை எல்லாம் பென்சிலால் சுழித்துப் பாருங்கள், அது ஏன் இப்போதைக்கு வேண்டாம் என்பது தெரிந்துவிடும். வேகமும் பழக்கமும் வர, தமிழ்நாடு அரசின் மூன்றாம், நான்காம் வகுப்பு ஆங்கிலப் பாடப் புத்தகம் போதும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, யாருக்கும் பணம் கட்டாதீர்கள். அதில் ஒரு பக்கக் கதைகள் இருக்கும். உங்கள் கதைப் புத்தகக் கேள்விக்கு இதுதான் பதில்.

மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு ஆங்கிலேயர் நூறு வருஷத்துக்கு முன்னால் டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். வங்காளத்துப் பிள்ளைகளில் பலர் படிப்பைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அப்படி விட்ட பிறகும் அவர்கள் கையில் உருப்படியாக மிஞ்சக்கூடியது வாசிப்புதான் என்று பார்த்து, பேச்சையும் இலக்கணத்தையும் பின்னுக்குத் தள்ளி வாசிப்பை முதலில் வைத்தார். அடிக்கடி வரும் வார்த்தைகளை வைத்தே எழுதுவது, புதிய வார்த்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து திரும்பத் திரும்ப வரவைப்பது, இதுதான் அவர் வழி. 1953-இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்களின் பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. உங்களுக்கு ஆங்கிலம் இப்போது எதற்கு வேண்டுமோ அதற்கு அவர் வழிதான் சரி. முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்கிற விளம்பரங்களை நம்பாதீர்கள்.

திரும்பத் திரும்ப வர வேண்டும் என்றேனே, அது உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். 'ஈச் அன்கோட்டட் டேப்லெட் கன்டெய்ன்ஸ்' என்று இருக்கும், ஒவ்வொரு மாத்திரையிலும் என்ன மருந்து, எவ்வளவு என்று. அப்புறம் டாக்டர் சொன்னபடி சாப்பிடவும், ஈரமில்லாத இடத்தில் வைக்கவும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும். தயாரித்த தேதி, காலாவதி தேதி, விலை. இப்போது இன்னொரு கம்பெனி அட்டையை எடுங்கள். அன்கோட்டட் இருந்த இடத்தில் ஃபிலிம் கோட்டட் என்று இருக்கலாம், மருந்தின் பெயர் வேறாக இருக்கும், மற்றபடி முக்கால்வாசி அதே வரிகள்தான். நீங்கள் தைக்கிற ஜாக்கெட்டைப் போல, கட்டிங் ஒன்றுதான், அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஐந்து அட்டை படித்தவருக்கு ஆறாவதில் புதிதாக இருப்பது இரண்டு வார்த்தை. மசாலா பாக்கெட், பிஸ்கட் பாக்கெட் எல்லாமே இப்படித்தான். அதில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம், ஆகவே முதல் மூன்று பெயரைப் படித்தாலே உள்ளே பெரும்பாலும் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். சத்து பானம் என்று வாங்குகிற டப்பாவில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ராணி சந்தைக்குப் போன கதையில் உங்களுக்கு இந்த ஆர்வம் வராது.

டாக்டர் சீட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓடி, பிடி, டிடிஎஸ் என்று கிறுக்கியிருப்பது லத்தீன் சுருக்கங்கள், ஒருவேளை, இருவேளை, மூன்று வேளை என்று அர்த்தம். மருந்துக் கடைக்காரரிடம் ஒவ்வொரு மாத்திரை மேலும் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேளை மாறினால் விபரீதம் ஆகிற விஷயத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளையை நம்பி விடுவதா?

அடுத்தது ஸ்கூல் சர்க்குலர். அதையும் மகள்தான் படித்துச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். அவளைப் பற்றி ஸ்கூல் உங்களுக்கு எழுதுவதை அவளே படித்துச் சொன்னால், சொல்ல வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றுவது உங்களுக்கு எப்போதுமே வந்து சேராது. சர்க்குலர்தான் உங்களுக்கு நல்ல பாடமும்கூட. ஐந்தாறு வரி, தேதி ஒன்று, செய்ய வேண்டியது ஒன்று. பழைய சர்க்குலர்களைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வாரத்துக்கு இரண்டு படியுங்கள்.

பேங்க் கடிதத்தை முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்கப் போகாதீர்கள், அங்கேதான் எல்லோரும் மிரள்கிறார்கள். முதலில் எண்களுக்கு மட்டும் பென்சிலால் வட்டம் போடுங்கள். எது தொகை, எது தேதி, எது கடன் எண் என்று பிரித்துவிட்டால் கடிதத்தில் பாதி முடிந்தது. அப்புறம் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: என்னை என்ன செய்யச் சொல்கிறார்கள், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும். மூன்றாவது பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும், 'ஃபெயிலிங் விச்' என்று ஆரம்பிக்கும், 'அப்படிச் செய்யாவிட்டால்' என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தால் நிறுத்தி, அதற்கு முன்னால் இருக்கும் வரியையும் பின்னால் இருக்கும் வரியையும் இரண்டு முறை படியுங்கள்.

எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். தினமும் ஒரு காகிதம், ஒரு பாடப் புத்தகப் பக்கம், இரண்டையும் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மூன்று, நான்கு மாதத்தில் வீட்டுக் காகிதங்களுக்கு நீங்கள் போதும். பேப்பருக்கு இன்னும் நாளாகும், அதற்கு இப்போது அவசரமும் இல்லை.

மகளை இதில் சேர்க்கவே கூடாதா என்றால், சேர்க்கலாம். பாடப் புத்தகத்தில் ஒரு வார்த்தையை எப்படி உச்சரிப்பது என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவாள். பேங்க் கவரும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் மட்டும் இனி அவள் கைக்குப் போகக் கூடாது. இன்றைக்கு ராத்திரி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த நோட்டீஸை உன்னைப் படிக்கச் சொன்னது அம்மா செய்த தப்பு, நகை விஷயத்தை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம், உன் ஃபீஸில் கை வைக்க மாட்டோம் என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் கணவரிடம் பேசி, ஃபீஸ் பணத்துக்கு நிஜமாகவே வழி பண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது. நோட்டீஸ் போன மாதம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் கெடு என்றைக்கு என்று எழுதவில்லை. உங்களுக்கே தெரியவில்லையோ என்று பயமாக இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் அந்தக் காகிதத்தை எடுங்கள், தேதிகளுக்கு வட்டம் போடுங்கள், நாளைக் காலையில் கணவரையும் கூட்டிக்கொண்டு கடன் வாங்கிய இடத்துக்குப் போங்கள். அது வங்கியாக இருந்தால், வாடிக்கையாளர்களுக்கான அச்சுப் படிவங்களை ஆங்கிலம், இந்தி, மாநில மொழி மூன்றிலும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தனியார் நிதி நிறுவனமாக இருந்தால், கடன் வாங்கியவருக்கு அனுப்பும் தகவல் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ இருக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது. பாக்கி எவ்வளவு, வட்டி மட்டும் கட்டினால் தவணை நீளுமா, ஏலம் என்றைக்கு என்று கேட்டுத் தமிழில் எழுதி வாங்குங்கள். ஸ்கூல் நாள்தானே, மகள் ஸ்கூலுக்குப் போகட்டும்.