லைப்ரரி இல்லாமல் நைவ் பேய்ஸ்: கேள்வி பதில்

எஸ்எம்எஸ் ஸ்பேமைப் பிரிக்கும் நைவ் பேய்ஸ் நிரலை வெறும் பைத்தானில் எழுதுவது பற்றிக் கேட்கலாம். செய்தியிலுள்ள சொற்களின் நிகழ்தகவுகளைப் பெருக்கி, அது ஸ்பேமா நல்ல செய்தியா என்று கணிக்கும் முறைதான் நைவ் பேய்ஸ்.

கேள்வி: எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் 0 வருகிறதே?

பதில்: பயிற்சியில் ஸ்பேம் பக்கம் வராத சொல்லுக்கு நிகழ்தகவு 0. பெருக்கலில் ஒரு 0 வந்தாலே மொத்தமும் காலி. ஒவ்வொரு எண்ணிக்கையோடும் 1 கூட்டுங்கள். அப்போது வகுக்கும் எண்ணோடு அகராதியின் அளவையும் (பயிற்சியில் வந்த வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கை) கூட்ட வேண்டும், அதைப் பலர் மறக்கிறார்கள். நீளமான செய்தி என்றால் இன்னொரு சிக்கல். 200 சொற்கள், ஒவ்வொன்றும் 0.01 என்றால் பெருக்குத்தொகை 10-இன் அடுக்கு -400. பைத்தானின் ஃப்ளோட் சுமார் -324 வரைதான் தாங்கும், அதற்குக் கீழே 0 ஆக்கிவிடும். பெருக்குவதற்குப் பதில் ஒவ்வொரு நிகழ்தகவுக்கும் லாக் (மடக்கை) எடுத்துக் கூட்டுங்கள்.

கேள்வி: 1 கூட்டியும் இரண்டு வகைக்கும் 0.0 வருகிறது.

பதில்: லாக்.

கேள்வி: யூசிஐ எஸ்எம்எஸ் தொகுப்பில் (பொதுவில் கிடைக்கும் பயிற்சிச் செய்திகள்) 87% துல்லியம் கிடைத்தது. போதுமா?

பதில்: அதில் 5574 செய்திகள், ஸ்பேம் 747. எல்லாமே நல்ல செய்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 86.6% வரும். ஸ்பேமில் எத்தனை சிக்கியது என்று பாருங்கள். சோதனைச் செய்திகளை முதலிலேயே ஒதுக்கினீர்களா?

கேள்வி: தமிழ்ச் செய்திகளில் சொற்கள் உடைகின்றன.

பதில்: சொற்களைப் பிரிக்க ரீஜெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு) பேக்ஸ்லாஷ் டபிள்யூ, அதாவது ‘ஏதாவது ஓர் எழுத்து’, போட்டிருப்பீர்கள். பைத்தானில் அது புள்ளியையும் துணைக்குறிகளையும் எழுத்தாக எடுக்காது. ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாகும். இடைவெளியில் பிரித்து, ஓரத்து நிறுத்தக்குறிகளை நீக்குங்கள்.

கேள்வி: அசைன்மென்ட்டுக்கு முழு நிரலும் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது.

கேள்வி: ‘பர்சனல்’, ‘லோன்’ சேர்ந்தேதான் வரும். சொற்கள் ஒன்றையொன்று சாராதவை என்று நைவ் பேய்ஸ் வைத்துக்கொள்வது பொய்தானே?

பதில்: பொய்தான். ஆனால் நமக்கு வேண்டியது எந்த வகை முந்துகிறது என்பது மட்டும். சார்பு இருந்தாலும் பல நேரம் சரியான வகையே முந்தும் என்று ஆய்வாளர்கள் டொமிங்கோஸும் பஸ்ஸானியும் 1997-இல் காட்டினார்கள்.

கேள்வி: மறுபடியும் நான்தான். அப்படியானால் ஸ்பேம் என்பதற்கு நிகழ்தகவு 0.9999 என்று வருவதற்கு என்ன மதிப்பு?

பதில்: ஒரே சாட்சியை இரண்டு முறை எண்ணியதால் வந்த மிகை அது.

கேள்வி: வகை பிரிக்கும் இன்னொரு முறையான லாஜிஸ்டிக் ரெக்ரஷனுக்கே போய்விடலாமே?

பதில்: டேட்டா ஏராளம் என்றால் போங்கள். சில நூறு செய்திகள்தான் என்றால் பெரும்பாலும் நைவ் பேய்ஸே கைகொடுக்கும்.

கேள்வி: அந்த 0.9999-ஐ வாடிக்கையாளருக்குக் காட்டலாமா?

பதில்: 0.9-ஐ ஒட்டி மதிப்பெண் பெற்ற சோதனைச் செய்திகளை எடுத்து, நூற்றுக்குத் தொண்ணூறு உண்மையிலேயே ஸ்பேமா என்று எண்ணுங்கள். ஒத்துவராவிட்டால் ‘ஸ்பேம்’ என்று மட்டும் காட்டுங்கள்.