அந்த மஞ்சள் விளக்கை மடிக்கணினியால் அணைப்பது பற்றி

தம்பி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஐந்து மாதத்தில் 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபோர்ட் எஸ்கேப் கார் ஒன்றை வாங்கியதாகவும், விண்டர் ரயர் பூட்டிய நாளிலிருந்து காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்றும், ஃபோர்ட் வண்டியின் உள்கணினி அமைப்புகளை மாற்றும் ஃபோர்ஸ்கான் மென்பொருளால் எச்சரிக்கை எல்லையைக் கீழே இறக்கினால் அணைந்துவிடும் என்று நண்பர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். மடிக்கணினியை வண்டியோடு இணைக்க எந்த அடாப்டர் நல்லது, காப்புறுதி எங்கே மலிவு, பேஸ்மென்ட் வாடகை எவ்வளவு கொடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். காப்புறுதிக்கும் வாடகைக்கும் ஆலோசனை சொல்ல உறவினர்களே வரிசையில் நிற்பார்கள். விளக்கைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த மடைத்தனத்தை ஒருமுறை செய்து பட்டவன் நான்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விளக்கை ஒன்றரை நிமிடம் கவனியுங்கள். ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், சில்லுக்குள் இருந்து காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் ஏதோ ஒரு சென்சாரின் சமிக்ஞை வண்டிக்குக் கிடைக்கவில்லை. மினுக்காமல் தொடக்கத்திலிருந்தே எரிந்தால் காற்றுக் குறைவு. உங்களுடையது விண்டர் ரயர் பூட்டிய நாளில் தொடங்கியதால், அந்தச் சில்லுகளுக்குள் சென்சாரே இல்லை என்பதுதான் என் ஊகம். அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் புதிய இலகு வாகனங்களுக்கு இந்தக் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். கனடாவில் அப்படிக் கட்டாயம் இல்லாததால், சென்சார் இன்றி ரயர் பூட்டி அனுப்பினாலும் கராஜைக் கேட்பார் இல்லை. நாலு சென்சாரின் காசை மிச்சம் பிடித்துவிட்டு, விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டி ஓட்டுகிற எங்கள் ஆட்களை நான் எண்ணி முடித்ததில்லை. சென்சார் இல்லாத சில்லுக்கு எல்லையை எவ்வளவு இறக்கினாலும் விளக்கு எரியத்தான் செய்யும்.

நான் 1995 பெப்ரவரியில் வந்து இறங்கியவன். போர்க்காலப் பெற்றோல் தடையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கார் ஓட்டிய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்கு, எந்த இயந்திரத்தையும் ஏதாவது செய்து ஓடவைத்துவிடலாம் என்ற துணிவு மட்டும் நிறைய இருந்தது. என் முதல் காருக்கு எச்சரிக்கை விளக்கு கிடையாது. காலையில் ஒவ்வொரு சில்லையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு வாங்கிய ஃபோர்டில், குளிர் தொடங்கியதும் விளக்கு எரிந்து எரிந்து எரிச்சலூட்டியது. அதில் வியப்பில்லை: இருபது பாகை வெப்பத்தில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அடித்த ரயர், சைபருக்குக் கீழே இருபது பாகையில் ஏறத்தாழ 28க்கு இறங்கிவிடும், எச்சரிக்கையோ 25 விழுக்காடு குறைந்ததும், அதாவது 26க்குச் சற்று மேலேயே வரும்; முன்பே கொஞ்சம் காற்றுக் குறைந்திருந்தால் போதும், விளக்கு எரிந்துவிடும். காற்றடிக்கச் சோம்பல்பட்டு, மடிக்கணினியை இணைத்து, வண்டி சரியான அழுத்தமென வைத்திருக்கும் எண் 35 என்றிருந்ததை 28 ஆக்கினேன், எச்சரிக்கை எல்லையும் அதோடு இறங்கியது. விளக்கு அணைந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த மாதமே வலப்பக்கப் பின்சில்லில் ரிம் ஓரமாகக் காற்று மெல்லக் கசிந்தது. விளக்கு வாய் திறக்கவில்லை. 401 நெடுஞ்சாலையில் மகள் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருக்க, வண்டி பின்புறம் ஆடத் தொடங்கியது. ஓரத்தில் நிறுத்தி இறங்கியபோது கை விறைத்தது குளிராலா பயத்தாலா என்று இன்றும் தெரியாது. பிறகு கராஜில் அந்த ரயரைக் கழற்றியவர் அதைச் சரித்துப் பிடித்தார். உள்ளிருந்து மிளகுத்தூள் போலக் கருந்தூள் தரையில் கொட்டியது. காற்றில்லாமல் மடிந்து மடிந்து ஓடியதில் பக்கச்சுவர் உள்ளே அரைபட்டுப் போயிருந்தது.

மென்பொருளைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரயரின் அளவோ சுமைத்தரமோ மாறி, அதற்குரிய சரியான அழுத்தமும் மாறினால், அந்த எண்ணை மாற்றுவது முறையான வேலை. அப்போது மாற்றுவதற்கு முன் இருக்கும் அமைப்பைச் சேமித்து வையுங்கள். பற்றறிக்கு சார்ஜரை இணைத்து விடுங்கள், ஏனென்றால் எழுதும் நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் வண்டியின் கட்டுப்பாட்டு மொடியூலே செயலிழந்து போகலாம். பல ஃபோர்ட் வண்டிகளில் இரண்டு தொடர்புத் தடங்கள் உண்டு. இரண்டையும் எட்டும் அடாப்டரே வேண்டும், மலிவுப் போலி வேண்டாம்.

உங்களுக்குத் தேவை அதுவல்ல, சென்சார்தான். ஐரோப்பிய வண்டிகளின் சென்சார் 433 மெகாஹேர்ட்ஸில் பேசும்; உங்கள் எஸ்கேப் 315இல்தான் கேட்கும், ஆகவே இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று மாறி வாங்கிவிடாதீர்கள். பூட்டிய பின் அந்தச் சென்சார்களை வண்டி அடையாளம் கண்டுகொள்ளப் பழக்க மடிக்கணினியும் தேவையில்லை: பழக்கும் நிலைக்குப் போனதும், சென்சாரை எழுப்பும் கைக்கருவியை இடப்பக்க முன்சில்லின் வால்வருகே பிடித்தால் ஹோன் ஒலிக்கும், பிறகு வலது முன், வலது பின், இடது பின்.

அதுவரை ஒரு காற்றளவு மானி வாங்கி, காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்து பாருங்கள். பார்க்க வேண்டிய எண் சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும்; ரயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம், அதைப் பார்த்து அடித்துவிடாதீர்கள். பற்றறி தேவைப்படாத மானியையே தேடுங்கள். என்னுடைய டிஜிட்டல் மானி சைபருக்குக் கீழே இருபதில் எண்ணே காட்டாமல் செத்துக் கிடந்தது.