கொட்டகையில் கிடந்த ஸ்பிட்ஃபயர் பந்தயத்துக்குத் தயாராகுமா? – வாசகர் கேள்விகள்

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு, அதன் நெருங்கிய உறவான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் விளையாட்டுக் காரைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை எல்லாக் கேள்விகளும் அந்தக் காரைப் பற்றியவையே.

கேள்வி: ஐயா, என் அப்பா சென்னையில் இருபது ஆண்டுகள் ஹெரால்டு ஓட்டியவர். அந்த நினைவில், 1968ஆம் ஆண்டின் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஒன்றை இங்கே வாங்கிவிட்டேன். பதினேழு ஆண்டுகளாக ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்த வண்டி. பழைய கார்களுக்கான பந்தயங்களில் ஓட்டும் அளவுக்கு அதைக் கட்டியெழுப்ப ஆசை. முதலில் எஞ்சினை இறக்கட்டுமா? (ஒரு வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: எஞ்சினை இப்போதைக்கு இறக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, பிளக்குகளை மறுபடி மாட்டி அப்படியே விட்டுவிடுங்கள். சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். துருவேறி இறுகியிருக்கும் பிஸ்டன் வளையங்களை ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்தால் இழுத்தால், நன்றாக இருக்கும் சிலிண்டரும் கீறிப்போகும்.

கொட்டகையில் கிடந்த வண்டி என்று மனம் தளர வேண்டாம். ஸ்பிட்ஃபயரின் தொடக்கமே அப்படிப்பட்டதுதான். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த முதல் மாதிரி வண்டி, ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் பணமுடையில் தவித்த காலத்தில், கவென்ட்ரி தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் லேலண்டு நிறுவனம் தொழிற்சாலையை வாங்கிய பிறகு, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு வந்த புதிய நிர்வாகத்தினர் அந்தத் துணியை விலக்கிப் பார்த்துத்தான் அதைத் தயாரிக்க ஒப்புதல் தந்தார்கள். 1962இல் சந்தைக்கு வந்த கார், 1980 வரை ஐந்து வடிவங்களில் 3 லட்சத்துக்கு மேல் தயாரானது.

உங்கள் முதல் வேலை பட்டறையில் இல்லை, மேசையில் இருக்கிறது. எந்தப் பந்தயத்தில் ஓடப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்து, அதன் விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் ‘பின்னிணைப்பு கே’ விதிகளின்படி ஓடுவதானால், உங்கள் வண்டி அதன் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அனுமதி பெறாத பாகம் எதையும் பொருத்த இயலாது. சங்கங்கள் நடத்தும் உள்நாட்டுப் பந்தயங்களில் விதிகள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். சக்கரத்தின் அகலம், கார்பரேட்டரின் வகை, பின்பக்கக் கட்டுப்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) என எல்லாவற்றையும் இந்தப் புத்தகம்தான் தீர்மானிக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிய விலையுயர்ந்த பாகங்களைத் தொழில்நுட்பச் சோதனையில் கழற்ற நேர்ந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அடுத்தது உடல். ஹெரால்டில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் ஏமாறும் இடம் இதுதான். ஹெரால்டின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், பக்கவாட்டிலும் கைகளை நீட்டி உடலைத் தாங்குகிறது. அதன் தகரம் துருப்பிடித்தாலும் வண்டி நிமிர்ந்தே நிற்கும். ஸ்பிட்ஃபயருக்காக அந்தச் சேஸிஸை 91.5 அங்குலச் சக்கர இடைவெளியிலிருந்து 83 அங்குலமாகக் குறுக்கியபோது, பக்கவாட்டுத் தாங்கிகளை நீக்கிவிட்டு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியையே சுமை தாங்கும் உறுப்பாக ஆக்கினார்கள். பின்சக்கரத்தை முன்னும் பின்னும் அசையாமல் பிடிக்கும் கம்பிகூட உடலில்தான் முன்முனையைப் பதித்திருக்கிறது. ஆகவே இந்தக் காரில் சில் துருப்பிடித்தால் அது அழகுக் குறைவு அல்ல, முதுகெலும்பு முறிவு.

கதவை மூடிவிட்டு, பூட்டு இருக்கும் பக்கத்து இடுக்கில் விரல் நுனியை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு ஒரு காந்தத்தைச் சில் நெடுகிலும் வைத்துப் பாருங்கள்; ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகரம் அல்ல, பட்டி. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு வலுத்தகடு என்று சில் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பளபளப்பாக்கி விற்ற வண்டிகள் ஏராளம். மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தால், உடல் சேஸிஸின் மேல் போல்ட்டால் முடுக்கிய நிலையில், வண்டி தன் சக்கரங்களில் நிற்க, கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து இறுக்கியபின், ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டினால், அதன்பின் கதவு எந்நாளும் சரியாக மூடாது.

கேள்வி: ஹெரால்டின் முன்சக்கரம் மடிந்து விழும் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். ஸ்பிட்ஃபயரிலும் அதே பாகம்தான் என்கிறார்களே, அதை நம்பிப் பந்தயம் ஓடலாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: நம்பலாம், ஆனால் அந்தப் பாகத்துக்கு வேண்டியதைக் கொடுத்தால் மட்டுமே. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ‘டிரன்னியன்’ என்கிற பித்தளை உறைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் சுழல்கிறது. இதற்கு விட வேண்டியது கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் நாளடைவில் கட்டியாகி மரைக்குள் இறங்காமல் நின்றுவிடும். தண்ணீர் மட்டும் இறங்கும். தண்டு உள்ளுக்குள் துருப்பிடித்து, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல், மரை தொடங்கும் இடத்தில் முறியும்.

நான் தொழில் பழகிய பட்டறைக்கு ஒரு மழைக்காலத்தில் ஹெரால்டு ஒன்றைக் கட்டி இழுத்து வந்தார்கள். நல்ல வேளையாக, வீட்டு வாசலில் மெதுவாகத் திரும்பும்போது இடது முன்சக்கரம் உள்பக்கமாக மடிந்திருந்தது. முறிந்த தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: முறிவின் முக்கால் பங்கு பழுப்பு நிறத்தில் இருந்தது, ஓர் ஓரத்தில் மட்டும் புத்தம்புதிய வெள்ளி மினுமினுப்பு. அந்த ஓரம் ஒன்றுதான் பல மாதங்களாகக் குடும்பத்தையே சுமந்திருக்கிறது. அந்த வண்டிக்கு மாதம் தவறாமல் கிரீஸ் அடித்து வந்தவன் நான்தான் என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

லோட்டஸ் எலான் போன்ற விளையாட்டுக் கார்களும் டிரையம்பின் இந்த முன்பக்க அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டன. அந்த அளவுக்கு அது நல்ல வடிவமைப்பு. பந்தயத்துக்கு இரு பக்கத் தண்டுகளையும் டிரன்னியன்களையும் புதிதாகப் போட்டு, ஒவ்வொரு பந்தய வார இறுதிக்கு முன்பும் கியர் ஆயில் விடுங்கள்.

கேள்வி: ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் வளைவில் ஆளைக் கவிழ்த்துவிடும் என்று இங்குள்ள நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். இதில் எவ்வளவு உண்மை? (ஒரு வாசகர், டொரோண்டோ)

பதில்: உண்மை இருக்கிறது. இந்தக் காரில், எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் கிரௌன் பெட்டியிலிருந்து இருபக்கமும் செல்லும் பின்னச்சுத் தண்டு ஒவ்வொன்றுக்கும் உள்முனையில் மட்டுமே ஒரு மூட்டு உண்டு. வெளிமுனையில் சக்கரம் விறைப்பாகப் பொருந்தியிருக்கிறது. எனவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது நேராகப் போகாமல், குடைக் கம்பி விரிந்து மடங்குவதுபோல் சாய்ந்து சாய்ந்து போகும். வேகமான வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் எழும்பும். சக்கரங்கள் உள்ளுக்கு மடிந்து, டயர் தன் விளிம்பில் நிற்கும். பிடிமானம் போய் வால் சுழலும். ஹெரால்டிலும் இதே அமைப்புதான். அதை நம் ஊர் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் விரும்பாததால், 1972இல் சென்னையில் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் இதைக் கைவிட்டு, சாதாரண ஒற்றை அச்சையே வைத்தார்கள்.

அதே சமயம் இதே வகைப் பின்னச்சோடுதான் ஸ்பிட்ஃபயர்கள் பிரான்ஸின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடின என்பதையும் மறக்கக் கூடாது. 1964இல் ஓடிய மூன்றில் ஒன்று 21ஆவதாக முடித்தது. 1965இல் இரண்டு வண்டிகள் 13ஆவதாகவும் 14ஆவதாகவும் வந்து, தங்கள் எஞ்சின் பிரிவின் வெற்றியையும் பெற்றன. வித்தை பின்பக்கத்தைத் தாழ்த்துவதில் இருக்கிறது. வண்டி நிற்கும்போதே பின்சக்கரங்களின் மேல்விளிம்பு இரண்டு மூன்று டிகிரி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி பின்பக்கத்தைத் தாழ்த்தி, விறைப்பான ஷாக் அப்சார்பர் போட்டு, சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் வார் கட்டிவிட்டால், அது மடிவதற்கு இடமே கிடைக்காது. 1970இல் வந்த மார்க் 4 காரில், பின்பக்கக் குறுக்குக் கட்டுப்பட்டையின் அடுக்குகளில் பெரும்பாலானவை கிரௌன் பெட்டியின் மேல் ஊசலாடும்படி மாற்றினார்கள். அது நல்ல தீர்வுதான். ஆனால் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்பக்கத்து ஆன்டி-ரோல் கம்பியையும் தடிமனாக்க வேண்டும், 1968 வண்டிக்கு விதி இடம்தருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சாய்வைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது பின்னச்சுத் தண்டுதான். பந்தய டயரின் பிடிமானத்தில் அது முறிந்தால் சக்கரமும் சேர்ந்தே கழன்று போகும். பழைய தண்டை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். புதியதையும் காந்தத்துகள் சோதனையில் விரிசல் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

கேள்வி: மார்க் 3 காரின் 1296 சிசி எஞ்சினைவிடப் பிந்தைய 1493 சிசி எஞ்சின் பந்தயத்துக்குச் சிறந்தது அல்லவா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: சாலைக்குச் சரி, பந்தயத்துக்கு அல்ல. இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 73.7 மில்லிமீட்டர்தான், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரத்தை 76 மில்லிமீட்டரிலிருந்து 87.5 ஆக நீட்டித்தான் 1493 சிசி ஆக்கினார்கள். தூரம் கூடினால் பிஸ்டனின் வேகமும் கூடும். அதோடு, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கின் தாங்குமிடங்களும் அதில் பருத்தவை என்பதால் பேரிங்கின் உரசல் வேகமும் கூடும். அதிகச் சுழற்சியில் நெடுநேரம் ஓட்டினால் அடிப்பேரிங்குகள் தாங்காது. மார்க் 3 எஞ்சினின் சிறிய கிராங்க் இனிமையாகச் சுழலக்கூடியது. நிறுவனம் சொன்ன 75 குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கவும் அதில் நிறைய இடம் உண்டு.

எந்த எஞ்சினானாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒருவரைக் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்பக்கத்துக் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், கிராங்கை முன்பின் அசையாமல் பிடிக்கும் பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்துவிட்டன. அவை தேய்ந்து கீழே ஆயில் தொட்டியில் விழுந்தபின்னும் ஓட்டினால், கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைத்துவிடும். அசைவு அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்குக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: என்னிடமுள்ள சென்னை ஹெரால்டின் எஞ்சினை ஸ்பிட்ஃபயரில் பொருத்தலாமா? (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: ஒரே குடும்பத்து எஞ்சின்தான், ஆனால் இந்திய ஹெரால்டில் கடைசிவரை 948 சிசிதான் வந்தது. அதை ஹெரால்டிலேயே விட்டு வையுங்கள். முழுமையான ஹெரால்டு இன்று நம் ஊருக்கு அரிய பொருள்.

கேள்வி: பழைய காரை வெட்டிப் பந்தய வண்டியாக்குவது அதை அழிப்பது ஆகாதா? (ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: தொழிற்சாலையில் போட்ட சில்லும் பெயிண்டும் இருக்கைகளும் அப்படியே இருக்கிற வண்டியானால், ஆகும், அதை வெட்டக் கூடாது, விதிகள் இடம் தந்தாலும் கூடாது. பாதி உடல் துருவாகிப்போன, எப்படியும் புதுத்தகடு போட்டாக வேண்டிய வண்டிதான் பந்தயத்துக்கு உரியது. அப்போதும் கழற்றும் ஒவ்வொரு பாகத்திலும் சீட்டு எழுதிக் கட்டி, பெட்டியில் வைத்துக் காப்பாற்றுங்கள். பம்பரும் ஹீட்டரும் கம்பளமும் இருந்தால், அடுத்த தலைமுறையில் ஒருவர் விரும்பினால் அதைத் திரும்பச் சாலைக் காராக்கலாம்.

கேள்வி: என் கணவர் இப்படிப்பட்ட வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். எஞ்சினுக்கு நிறையச் செலவு செய்துவிட்டு, பாதுகாப்பு அம்சங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நான் என்ன சொல்லட்டும்? (ஒரு வாசகி, சிங்கப்பூர்)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. அவர் இந்தப் பக்கத்தைப் படிக்கும்படி செய்யுங்கள். ஸ்பிட்ஃபயரின் எடை 700 கிலோவுக்குச் சற்றே மேல்; திறந்த கூரை; இருக்கைக்கு நேர் பின்னால், ஒரு மெல்லிய தடுப்புக்கு அப்பால் பெட்ரோல் தொட்டி. எனவே முதலில் அந்தத் தடுப்பில் உள்ள துளைகளையெல்லாம் தகரத்தால் அடைத்து, தொட்டியை மாற்றிப் நுரைப்பஞ்சு நிரப்பிய பாதுகாப்புத் தொட்டி போட வேண்டும். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் பாரைத் துருப்பிடித்த தரைத்தகட்டின் மேல் நிறுத்தக் கூடாது. அதன் கால்கள் வலுவான இடத்தில் பதிய வேண்டும், பின்னோக்கிச் சாய்ந்த தாங்கிகளும் வேண்டும். அவர் தலைக்கவசத்தோடு உட்கார்ந்தால் கவசத்தின் உச்சி ரோல் பாரின் மேல்விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு நேர்க்கோலை வைத்து நீங்களே பார்த்துவிடலாம். பெல்ட்டில் தைத்திருக்கும் காலாவதித் தேதியையும் படியுங்கள். பல ஆண்டுகள் நின்ற வண்டியின் பிரேக் குழாய்கள், சிலிண்டர்கள், பிரேக் ஆயில் ஆகியவற்றில் பழையது ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

இவையெல்லாம் முடிந்த ஒரு மாலையில், அவரை முழு உடையோடு உட்கார்த்தி, பெல்ட்டைக் கட்டி, கண்ணை மூடச் சொல்லுங்கள். நீங்கள் கை தட்டியதும் மின்துண்டிப்பு ஸ்விட்சை அணைத்து, பெல்ட்டை அவிழ்த்து, தட்டித் தடவாமல் வெளியே வர வேண்டும். எங்கேயாவது கை தடுமாறினால், ஸ்விட்சின் இடத்தை மாற்றிவிட்டு மறுநாளும் கை தட்டுங்கள்.