மச்சாது என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?

கேள்வி: நாங்கள் தூத்துக்குடிப் பரதவர். குடும்பப் பெயர் மச்சாது. தாத்தா வழியில் போர்த்துகீசியக் கலப்பு உண்டு என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா? எப்படித் தேடுவது?

பதில்: கலப்பே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் அதற்குச் சாட்சி ஆகாது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் (ஞானஸ்நானம்) பெற்றார்கள். முத்துக்குளிப்பைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்குப் போர்த்துகீசியரின் துணை தேவைப்பட்டது. அப்போது போர்த்துகீசியப் பெயர்களும் சேர்ந்தே வந்தன. மதப் பரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்ததே அதற்குப் பிறகு, 1542இல்தான். இந்த ஏற்பாட்டுக்குத் தூது போன குதிரை வியாபாரி ஜான் த குரூஸின் பெயரைக் கேட்டால் ஐரோப்பியர் என்றே தோன்றும். அவரோ கள்ளிக்கோட்டையிலிருந்து லிஸ்பன் சென்று திருமுழுக்குப் பெற்ற இந்தியர்!

போர்த்துகீசியத்தில் மச்சாது என்றால் கோடரி. பெரைரா பேரிமரம், சில்வா காடு, கோஸ்தா கடற்கரை, லோபோ ஓநாய். எனக்குச் சுவாரசியமானது பர்னாந்துதான். போர்ச்சுகலில் பெர்னாண்டோ ஆளின் முதற்பெயர். 'பெர்னாண்டோவின் மகன்' என்ற பொருளில் வரும் பெர்னாண்டஸ்தான் அங்கே குடும்பப் பெயர். நம் கரையில் முதற்பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. ரொட்ரிகோவும் அப்படித்தான்.

இனி தேடல். தாத்தாவின் திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில், அதாவது அவர்கள் சேர்ந்த கோவிலில், நடந்திருக்கும் என்பதால் பாட்டியின் ஊருக்குப் போக வேண்டிவரலாம். அதில் பெற்றோர் பெயரும் சொந்தப் பங்கும் இருந்தால், அந்தப் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் அடுத்த தலைமுறையைப் பிடிக்கலாம். பதிவின் ஓரக்குறிப்பையும் விடாதீர்கள். 1908க்குப் பிறகு, திருமணம் எங்கே நடந்தது என்பதைத் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கும் முறை வந்தது.

பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கலாம். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், சூசை யோசேபுஸ். இது தெரியாமல் 'பெயரே இல்லை' என்று திரும்பியவர்கள் உண்டு. மச்சாதுவின் எழுத்தும் கைக்குக் கை மாறும். திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்.

பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். தூத்துக்குடி என்றால், ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை போகவே வேண்டாம். பனிமய மாதா திருவிழா நாட்களில் பதிவேட்டை எடுத்துத் தர யாருக்கும் நேரம் இருக்காது.